கடைசியாகப் பார்த்தவர்கள்

ஜூலை 7, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. சந்தில் கணுக்கால் தண்ணி. ஆபீசுக்கு லீவு. சின்ன ரூமை ஒழிக்கும் வேலை.

வெளியே போனவை: உடைந்த மிக்ஸி, பூஞ்சை பிடித்த மெத்தை, அப்பாவின் பழைய குடைகள் (ஒண்ணும் மடங்காது). வாங்க வேண்டியவை: கொசுவலை, பெரிய துண்டு, நல்ல பேரீச்சை. சுவர் ஈரத்துக்கு ஒண்ணும் செய்ய முடியாது. காலண்டரை மாட்டி மறைச்சாச்சு.

ஹிபா வெள்ளிக்கிழமை வருகிறாள்.

அம்மாவுக்கு மறுபடி விளக்கம். "யாருட்டி அந்தப் பிள்ள? அங்க உங்கூட வேல பாத்தவளா?" இல்லம்மா. கார்ட்டூமில் நான் குடியிருந்த கட்டிடத்தில் கீழ்வீட்டுப் பெண். அவளோட அம்மா அமல், கணக்கு டீச்சர். 'உஸ்தாஸா'ன்னுதான் கூப்பிடுவோம், அந்த ஊரில் டீச்சருக்கு அப்படி. சண்டை ஆரம்பிச்சதும், மாடியில் இருக்காதீங்கன்னு என்னையும் எனக்கு மேல்மாடியில் இருந்த அனிர்பானையும் கீழே இறக்கி, தன் வீட்டு நடையில் படுக்க வைத்தவங்க. ஜன்னல் இல்லாத நடை. அவங்க, மகன் மாஜித், மகள் ஹிபா, நாங்க ரெண்டு பேர். சோறு தண்ணி எல்லாம் அவங்க கொடுத்ததுதான். கடைசியில் பஸ் கிளம்பும் இடத்துக்கு மாஜித்தான் காரில் கொண்டுபோய் விட்டான். இப்போ உஸ்தாஸாவும் ஹிபாவும் கெய்ரோவில். ஹிபாவுக்கு புவனேசுவரத்தில் பார்மசி படிக்க இடம் கிடைச்சிருக்கு. கல்கத்தாவில் இறங்கி, நம்ம வீட்டில் தங்கி, திங்கட்கிழமை ஹவுராவில் ரயில்.

"அப்பம் அந்தப் பையன்?"

போர்ட் சூடானில் மாமா வீட்டில் இருக்கான்மா. போன் தொலைஞ்சு போச்சாம். அனி சொன்னான். (அனிர்பான்னு முழுசா அம்மா வாயில் நுழையலை. வீட்டில் எல்லாருக்கும் அனிதான்.)

எல்லாத்துக்கும் ம்ம் கொட்டிவிட்டு, "கறி இல்லாம அந்தப் பிள்ளைக்குத் தொண்டையில எறங்குமா?"

சாயங்காலம் அனிக்கு போன். எடுத்ததும், "உங்க வீட்டுல எதுக்கு? அந்த ரூம்ல ஈரம். நியூ டவுன்ல கெஸ்ட் ஹவுஸ் பாக்கலாமே." அவங்க நம்மள கெஸ்ட் ஹவுஸ்லயா வச்சிருந்தாங்கன்னு கேட்டேன். அதுக்கு அவன், "வெள்ளிக்கிழமை எனக்கு சைட்ல வேலை இருக்கு."

இந்த மாசக் கடைசியில் எங்க கல்யாணப் பதிவு. சாட்சிகளின் போட்டோ இன்னும் கொடுக்கலை. அதைக் கேக்கத்தான் போன் பண்ணினேன். கேக்க மறந்துட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

மெட்ரோவில் கூட்டம். பின்னாலிருந்து ஒரு அம்மா போனில்: "அவன் பேசலேன்னா நீயும் பேசாதே, பார்ப்போம் யாருக்கு முதல்ல பசிக்குதுன்னு." நல்ல யோசனை.

யுத்தம் வராமல் இருந்திருந்தா நானும் அனியும் பேசியே இருக்க மாட்டோம். அவன் பெஹாலா, நான் டாலிகஞ்ச். ஒரே ஆட்டோ தூரம். கார்ட்டூம் மாடிப்படியில் ஒரு வருஷத்துக்கு மேல வெறும் குட் மார்னிங். நான் டைல்ஸ் கம்பெனியில் கணக்கு, அவன் மாவு மில்லில் என்ஜினியர். உஸ்தாஸா வீட்டு நடையில் முதல் நாள், தலைக்கு மேல் விமானம் போனப்போ நான் "மா கோ!"ன்னு கத்தினேன். அந்த நேரத்திலும் அவன் திரும்பி, "நீங்க பெங்காலியா?" இல்லை, டாலிகஞ்ச் தமிழ்னு சொன்னேன். சிரிச்சான். வெளியே கட்டிடம் குலுங்குது, நாங்க எந்த ஸ்கூல், எந்தத் தெருன்னு விசாரிச்சுக்கிட்டு இருக்கோம். மாஜித் நடுவில் தலையை நீட்டி, "என்ன பேசுறீங்க, எனக்கும் சொல்லுங்க." ஹிபாவுக்கு அப்போ பதினேழு. நோட்டை மூடாமல் படிச்சுக்கிட்டே இருப்பா, பரீட்சை நடக்கும்னு நம்பிக்கிட்டு.

அங்கே அவன் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூக்கம். யாரும் தப்பா நினைக்கலை. நானும் நினைக்கலை.

இங்கே? ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் பாக்கறான். பெஹாலா வீட்டில் இருக்கிற பாத்திரம் எல்லாத்திலும் தண்ணி பிடிச்சு வைக்கிறான்னு அவன் அம்மா என்னிடம் புகார். நான் எங்க வீட்டில் தட்டை எடுத்துக்கிட்டு அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் உக்காந்து சாப்பிடறேன்னு என் அம்மா புகார். நானும் அவனும் அதைப் பத்திப் பேசிக்கறதே இல்லை. அந்த நாட்களைப் பத்தி நான் வாயைத் திறந்தா அவன் டீ சொல்லுவான்.

இன்னைக்கும் அதுதான். மத்தியானம் நியூ டவுனில் அவன் ஆபீஸ் எதிரே டீக்கடை. ஹிபாவைப் பாக்க ஏன் இவ்வளவு தயக்கம்னு கேட்டேன்.

"தயக்கம் இல்லை. பழசைத் தோண்ட வேண்டாம்னு பாக்கறேன்."

"அந்தப் பழசு இல்லேன்னா நீயும் நானும் இல்லையே?"

"இன்னொரு டீ சொல்லட்டுமா?"

எழுந்து வந்துட்டேன். அந்த நடையில் இருந்தது பயந்துபோன ரெண்டு பேர். பயம் போன பிறகு அவங்களும் போயிட்டாங்களோ? இப்படி யோசிக்கிற ஆள் எதுக்குப் பதிவு ஆபீசுக்குப் போகணும்?

ஜூலை 9, புதன்

பல் வலி. கிராம்பு.

லேக் மார்க்கெட் தமிழ்க் கடையில் தேங்காய், இடியாப்ப மாவு, கொசுவலை (அதுவும் வச்சிருக்கார்). "மாப்பிள்ளை பெங்காலியாமே? இட்லி சாப்பிடுவாரா?" சாப்பிடுவார், ஆனா சர்க்கரை தொட்டுக்குவார்னு சொன்னேன். கடைக்காரருக்கு முகமே செத்துப்போச்சு.

மாஜித் நம்பருக்கு 'உன் தங்கச்சி எங்க வீட்டுக்கு வரா'ன்னு அனுப்பினேன். ஒத்தை டிக். எப்பவும் போல. போன் கிடைச்சதும் எல்லாத்தையும் சேர்த்துப் படிச்சுட்டுச் சிரிப்பான்.

ஜூலை 10, வியாழன்

எழுதணுமா தெரியலை. எழுதினாத்தான் தூக்கம் வரும்.

ஆபீஸ் முடிஞ்சு டாலிகஞ்ச் மெட்ரோவில் இறங்கினா படிக்கட்டுக் கீழே அனி. நனைஞ்சு போயிருந்தான். குடை கையில் இருக்கு, விரிக்கலை.

"நாளைக்கு ஹிபா வந்து சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லிடணும்."

என்ன?

"மாஜித் இல்லை."

எனக்குப் புரியலை. போர்ட் சூடானில் இல்லையா, வேற எங்கே போயிட்டான்னு கேட்டேன். அவன் அதே ரெண்டு வார்த்தையை மறுபடி சொன்னான். அப்போதான்.

நம்மள விட்டுட்டுத் திரும்பிப் போன அன்னைக்கே. அங்கே ஆத்துப் பாலத்துக்கு இந்தப் பக்கம். சுட்டது எந்தப் பக்கத்து ஆள்னு யாருக்கும் தெரியாது. காரோடு. தெருக்காரங்கதான் போய் எடுத்துட்டு வந்தாங்களாம். நாங்க ஊர் வந்து சேர்ந்த மாசமே உஸ்தாஸா அனிக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்காங்க. அப்போ நான் மஞ்சக்காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். "கோமதியிடம் சொல்லாதே. தன்னாலதான்னு நினைச்சுக்குவா. சாப்பிட மாட்டா." அவங்க அப்படிச் சொன்னாங்களாம், பிள்ளையைப் பறிகொடுத்த அவங்க.

"உடம்பு சரியானதும் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் வேலை கிடைச்சுது உனக்கு, சிரிக்க ஆரம்பிச்சே. அப்புறம்..."

ரெண்டு வருஷம். நான் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினேன் அவனுக்கு. மழை போட்டோ அனுப்பினேன். நேத்துகூட. எல்லாம் அனிக்குத் தெரியும். என் பக்கத்தில் உக்காந்து நான் அனுப்பறதைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கான்.

"போர்ட் சூடான் மாமான்னு ஒருத்தர் இருக்காரா?"

"இல்லை."

மாமாவைக்கூட உண்டாக்கியிருக்கான்.

கத்தினேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. வாழைப்பழக்காரர், "கீ ஹோலோ திதி?", என்னாச்சுன்னு கேட்டு வந்து நின்னார். ஒண்ணும் ஆகலை தாதா. முதலில் வந்த ஆட்டோவில் ஏறினேன். அது பெஹாலா ஆட்டோ. பாதி வழியில்தான் தெரிஞ்சுது. இறங்கி நடந்தே வந்தேன்.

அம்மா துண்டு கொடுத்தாள். சொன்னேன். அம்மா அடுப்பை அணைச்சுட்டு அப்படியே நின்னாள். "அந்தப் பையனப் பெத்தவ மகள நம்ம வீட்டுக்கு அனுப்புதாளே."

பதிவு ஆபீசுக்குப் போன் போட்டேன், கல்யாணத் தேதியை ரத்து செய்யலாம்னு. யாரும் எடுக்கலை.

ஜூலை 11, வெள்ளி

ஏர்போர்ட். நானும் அப்பாவும். மழை விட்டிருந்தது, புழுக்கம்.

தூரத்திலிருந்தே தெரிஞ்சுது. உயரமாயிட்டா. பழுப்புத் தலைத்துணி, ஒரே ஒரு பெட்டி. மாஜித்தின் நடை, தோளை முன்னால் சாய்ச்சுக்கிட்டு. பாக்க முடியலை. என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "உங்களுக்கு இப்போ தெரியும், இல்லையா?" தெரியும். "முகத்திலேயே இருக்கு." அவள்தான் என் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். அப்பா பெட்டியை எடுத்துக்கிட்டு முன்னால் போயிட்டார்.

அம்மா சொதி வைத்திருந்தாள், இஞ்சிப் பச்சடி, அப்பளம். ஹிபா ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, ஹிபாவுக்குத் தமிழ் வராது. கையைக் காட்டிக் காட்டிப் பேச்சு. "எறங்குதுட்டி, நல்லாவே எறங்குது!" அம்மா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

சாயங்காலம் ஹிபா என்னைக் கூப்பிட்டு உக்கார வைத்தாள்.

"அனிர்பான் எங்கே?"

வேலைன்னு சொன்னேன்.

"ரெண்டு பேரும் வேணும். மாஜித்தைக் கடைசியாப் பாத்தது நீங்க ரெண்டு பேர்தான். அந்த வழி முழுக்க என்ன நடந்ததுன்னு எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. வாசலில் கையசைச்சதோட சரி. அதைக் கேக்காதேன்னு சொல்லித்தான் அம்மா அனுப்பினாங்க. நான் கேக்கறதுக்குத்தான் கல்கத்தாவுக்கு டிக்கெட் எடுத்தேன்."

அனி முகத்தில் முழிக்கக்கூடாதுன்னு நேத்து ராத்திரி முழுக்க இருந்தேன். நானே மெசேஜ் போட்டேன்: 'நாளைக்குக் காலை வா. எனக்காக இல்லை.'

'வர்றேன்'னு உடனே பதில்.

ஜூலை 12, சனி

பத்து மணிக்கு வந்தான், கையில் சந்தேஷ் ஸ்வீட் பெட்டி. ஹிபாவைப் பாத்ததும் பெட்டியை எங்கே வைக்கறதுன்னு தெரியாமல் நின்னான். அவள் எழுந்து வாங்கிக்கிட்டாள்.

சாப்பாட்டு மேஜை. ஹிபா ஒரு பக்கம், நானும் அனியும் எதிரே, நடுவில் ஒரு நாற்காலி காலி. அப்பா வழக்கமா அனி வந்தா பேப்பரோட உள்ளே போயிடுவார். இன்னைக்குப் போகலை. அம்மா அடுப்படி வாசலில்.

"ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க. யார் முன்னால உக்காந்தது?"

நான்னு சொன்னேன். இல்லை, நான்தான், நீ பின்னால படுத்துக்கிட்டு வந்தேன்னு அனி. யோசிச்சா அதுதான் சரி. தலை ஜன்னலுக்கு மேல் தெரியக்கூடாதுன்னு மாஜித் சொல்லியிருந்தான். படுக்கை விரிப்பைக் கிழிச்சு வெள்ளைக் கொடி, கண்ணாடியில் கட்டினது. மாஜித் பாடிக்கிட்டே ஓட்டினான்னு சொன்னேன். "பாடலை, ரேடியோ." "ரேடியோ வேலை செய்யலை அனி, ரொம்ப நாளா." "அப்போ பாடினானா?" பாடினான். அனி, "ஆமா, பாடினான். கேவலமா." ஹிபா தலையாட்டினாள். "அது அவன்தான்."

இப்படியே போச்சு. அவன் விட்டதை நான், நான் தப்பாச் சொன்னதை அவன். ரெண்டு வருஷத்தில் அந்தக் காரைப் பத்தி நாங்க ரெண்டு பேரும் பேசினது இதுதான் முதல் தடவை. எனக்குத் தெரிஞ்சது பாதிதான்னு அப்போதான் தெரியுது.

ரெண்டாவது சோதனைச் சாவடியில் துப்பாக்கியோடு ஒரு பையன், மீசைகூட முளைக்கலை, கதவைத் திறந்து என்னைக் காட்டி என்னவோ கேட்டான். மாஜித் பதில் சொன்னான், விட்டுட்டாங்க. எனக்கு அரபி அவ்வளவு வராது. அனிக்கு வரும். அவன் இன்னைக்குச் சொன்னான்: "இவங்க புருஷன் பெண்டாட்டி, பெண்டாட்டிக்குக் காய்ச்சல், வழி விடுங்கன்னு சொன்னான். தாண்டினதும் என்னைப் பாத்து, நான் பொய் சொல்லிப் பழக்கமில்லை, நீங்க இதை நிஜமாக்கிடணும்னான்."

ஹிபா சிரிச்சாள். வந்ததிலிருந்து முதல் தடவை. நான் அனியைப் பாத்தேன். அவன் என்னைப் பாக்கலை.

"அப்புறம்?"

அப்புறம் எங்களை இறக்கி விட்டான், கார் திரும்பிச்சு, கை காட்டினான், அவ்வளவுதான்னு நான் சொன்னேன்.

"அவ்வளவு இல்லை," அனி சொன்னான்.

பஸ் கிளம்பி நான் தூங்கிட்டேனாம். மாஜித் போன் பண்ணியிருக்கான். ஒரு நிமிஷம்தான் லைன் கிடைச்சிருக்கு. "கோமதி ஒத்தைச் செருப்பைக் காரில் விட்டுட்டா, அடுத்த தடவை வரும்போது வாங்கிக்கச் சொல்லு. சுத்து வழியாப் போறேன், பாலத்துப் பக்கம் ஒரு ரொட்டிக் கடை திறந்திருக்காம்." அப்புறம் லைன் போயிடுச்சு.

ஹிபா நிமிர்ந்தாள்.

"ரொட்டியா?"

"ஆமா."

"அம்மா ரெண்டு வருஷமா அதையேதான் கேட்டுக்கிட்டு இருக்காங்க. நேரா வர்ற பையன் அந்தப் பாலத்துக்கு ஏன் போனான்னு." அப்புறம் ரொம்ப மெதுவா, "ரொட்டி கேட்டது நான்தான். வாசல்ல வச்சு. பீன்ஸ் தின்னு தின்னு அலுத்துப் போச்சு, ரொட்டி கிடைச்சா வாங்கிட்டு வான்னு."

அனி கையால் முகத்தை மூடிக்கிட்டான். "எனக்குத் தெரியும். வாசல்ல நீ சொன்னது என் காதில விழுந்துச்சு. அதான் உஸ்தாஸாகிட்டகூடச் சொல்லலை."

அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரிஞ்சிருக்காது. ஆனா வந்து ஹிபா தலையைத் தன் வயித்தோடு சேர்த்துப் பிடிச்சுக்கிட்டாள். அவள் அழுதது இந்த வீட்டுக்கெல்லாம் கேட்டிருக்கும். அப்பா எழுந்துபோய்த் தண்ணி கொண்டுவந்தார். ஹிபாவுக்கு ஒரு டம்ளர், அனிக்கு ஒரு டம்ளர். "குடிங்க தம்பி." அப்பா அவனைத் தம்பின்னு கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

போகும்போது வாசலில் அனி, "சொல்லியிருக்கக் கூடாதோ?"

தெரியலைன்னு சொன்னேன். நிஜமாவே தெரியலை.

ஜூலை 13, ஞாயிறு

ஹிபா மத்தியானம் வரைக்கும் ரூமை விட்டு வரலை. ரெண்டு தடவை கதவுகிட்டே போய்த் திரும்பி வந்தேன். அம்மா: "அவள விடு. நீ போயி துணிய மடி."

துணி காயலை. ஃபேனுக்குக் கீழே போட்டும் ஈர நாத்தம்.

நாலு மணி வாக்கில் அவளே வந்தாள், முகம் வீங்கி. டீ கேட்டாள். மூணு பேரீச்சையும் தின்னாள்.

"கேட்டது தப்புன்னு நினைக்கறியா?" நான்தான் கேட்டேன்.

"இல்லை. ரெண்டு வருஷமா ராத்திரிக்கு ஒரு காரணம் உண்டாக்கிக்கிட்டுப் படுத்தேன். யாரோ அவனைக் கூட்டிட்டுப் போனாங்க, மிரட்டினாங்க, வழி தவறிட்டான். இனிமே ஒரே காரணம்தான். அது ரொட்டி. வலிக்குது. ஆனா ஒண்ணுதான்." அப்புறம், "அனிர்பான் மேல ரொம்பக் கோபமா?"

ஆமா.

"எனக்கும். அம்மாவை ரெண்டு வருஷம் அலைய விட்டுட்டார். ஆனா அவர் இடத்துல நான் இருந்திருந்தா எங்கம்மாகிட்ட அதைச் சொல்லியிருப்பேனா?" பதிலுக்குக் காத்திருக்கலை. டம்ளரைக் கழுவப் போயிட்டாள்.

நான் சொல்லியிருப்பேனான்னு யோசிச்சுப் பாத்தேன். சொல்லியிருப்பேன்னுதான் நினைக்கறேன். உறுதியா இல்லை.

ஜூலை 14, திங்கள்

ஹவுரா. நான், அனி, ஹிபா. அம்மா கட்டிக் கொடுத்தது: புளியோதரை, உருளைக்கிழங்குப் பொரியல், முறுக்கு, மீதி பேரீச்சை. அந்தப் பை பெட்டியை விட கனம்.

டாக்சியில் போனோம். ஹவுரா பாலத்தில் நெரிசல், டிரைவர் ஊரையே திட்டிக்கிட்டு வந்தார். ஹிபாவின் ஜன்னல் கண்ணாடியை அனி பாதி ஏத்தி விட்டான், மழைத் தண்ணி தெறிக்காமல் இருக்க. அவள் திரும்பி இறக்கி விட்டாள். ஆறு பாக்கணுமாம்.

ரயில் ஏறும் முன் ஹிபா அவங்கம்மாவுக்குப் போன் பண்ணினாள். பிளாட்பாரக் கடைசிக்குப் போய்த் தனியா நின்னு பேசினாள். நாங்க ரெண்டு பேரும் சாமான் பக்கத்தில் காவல். ரொட்டி விஷயத்தைச் சொல்லப் போறாள்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அனி ஒரு டீயை வாங்கிக் குடிக்காமலே ஆற விட்டான்.

வெகுநேரம். திரும்பி வந்து போனை என் கையில் கொடுத்தாள். "உங்ககிட்ட."

உஸ்தாஸா குரல். ரெண்டு வருஷமா 'நலம், இறைவனுக்கு நன்றி'ன்னு ஒத்தை வரி மெசேஜ்தான், குரல் இல்லை. இப்போ அதே வகுப்பறைக் குரல், கொஞ்சம் தேய்ஞ்சு. பாதி இங்கிலீஷ், பாதி அரபி.

"அவனைத் திட்டாதே. சொல்லாதேன்னு சொன்னது நான். என்னைத் திட்டு."

உங்களை எப்படித் திட்டறதுன்னு கேட்டேன்.

"ரொட்டி விஷயம் ஹிபா சொன்னாள். அவளைக் கோபிச்சுக்கிட்டேன். நீயே சொல்லு, அன்னைக்கு ரொட்டி யாருக்கு வேண்டாம்? நீ கேட்டிருந்தாலும் போயிருப்பான். நான் கேட்டிருந்தாலும் போயிருப்பான். அவன் அப்படிப்பட்ட பிள்ளை." அழுதாங்களா, மூச்சு வாங்கினாங்களா, தெரியலை. அப்புறம், "அவள் அங்கே சாப்பிட்டாளா?"

நல்லா சாப்பிட்டா உஸ்தாஸா.

"கல்யாணம் எப்போ? அதையாவது யாராவது என்னிடம் நேராச் சொல்லுங்க."

இந்த மாசம்னு அரபியில் சொன்னேன். அதெல்லாம் மார்க்கெட்டில் பழகின அரபி, தானா வந்துடுச்சு. அனி மேல் கோபம் போகலை. இன்னைக்குப் போகும்னும் தோணலை. ஆனா வாயில் வந்தது அதுதான்.

அனி அந்த ஆறின டீயோடு பக்கத்தில் நிக்கறான். அவனுக்கு அரபி நல்லா வரும்.